கேள்வி பதில்: ஒப்படையை ஃபோன் எழுதினால் ஆசிரியர் என்ன செய்வது?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பாடசாலை பற்றியவை. ஆசிரியர்கள், ஓர் அதிபர், ஒரு தாய், உயர்தரம் படிக்கும் ஒரு தம்பி என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒன்றைத்தான்: நாளைக்கு வரப்போகும் படிப்புக்கு இன்றைக்கே எப்படித் தயாராவது? நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊரை மட்டும் போடுகிறேன்.

கேள்வி: 9ஆம் தரத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஒப்படை கொடுத்தால் நாற்பது பிள்ளைகளில் முப்பது பேருடையது ஒரே அச்சில் வார்த்த மாதிரி வருகிறது. எல்லாம் சட்ஜிபிடி எழுதியது. எது பிள்ளை எழுதியது, எது மெஷின் எழுதியது என்று கண்டுபிடிக்க நல்ல செயலி ஏதும் இருந்தால் சொல்லுங்கள் அக்கா.
ஆசிரியை, கொட்டாஞ்சேனை

பதில்: இல்லை ரீச்சர், அதைத் தேடி மினக்கெட வேண்டாம். சட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே அப்படியொரு கருவியை 2023 ஜனவரியில் வெளியிட்டது, போதிய அளவு சரியாகச் சொல்லவில்லை என்று அதே வருடம் ஜூலையில் திரும்ப எடுத்துக்கொண்டது. அந்த வருடமே ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலமொழிப் பரீட்சைக்குத் தாங்களே எழுதிய கட்டுரைகளை இப்படியான கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவற்றை மெஷின் எழுதியது என்று அவை சொல்லிவிட்டன. ஒழுங்காக எழுதிய பிள்ளையைக் கள்ளன் என்று சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு உங்களுக்காக ஒரு வரிகூட மனம் வைத்து எழுதாது.

ஆனால் உங்கள் கவலை மிகச் சரியானது, அதை லேசாக எடுக்க வேண்டாம். துருக்கியில் உயர்நிலைப் பாடசாலை மாணவர்கள் ஆயிரம் பேரளவில் வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். கணிதப் பயிற்சியின்போது ஒரு குழுவுக்குச் செயற்கை நுண்ணறிவைத் தாராளமாகப் பயன்படுத்த விட்டார்கள். பயிற்சியில் அவர்கள் மற்றவர்களைவிட 48 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். பிறகு அதை எடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தபோது, அதைத் தொடவே தொடாத பிள்ளைகளைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி அதே மெஷினை அமைத்துக் கொடுத்திருந்தார்கள். அந்தக் குழுவில் இந்த வீழ்ச்சி பெரும்பாலும் இல்லை. ஆகவே கொப்பி நிறைந்திருப்பதை வைத்துப் பிள்ளைக்கு விளங்கிவிட்டது என்று இனி எடுக்க முடியாது. உண்மையில் முன்பும் எடுக்க முடியாதுதான். பாடசாலைக்குப் பக்கத்துப் போட்டோகொப்பிக் கடையில் ஒப்படை தயாராக வாங்கின காலம் நம் எல்லோருக்கும் தெரியும்.

அப்படியென்றால் மாற்ற வேண்டியது ஒப்படையை. "டெங்கு பரவும் விதமும் தடுக்கும் வழிகளும்" என்று கொடுத்தால் ஃபோன் அரை நிமிடத்தில் எழுதித்தரும், பிள்ளை பார்த்து எழுதும், நீங்கள் சரி போடுவீர்கள், மூன்று பேருமே யோசித்திருக்க மாட்டீர்கள். அதையே இப்படிக் கொடுத்துப் பாருங்கள். மழை பெய்த அடுத்த நாள் உங்கள் வீட்டையோ தொடர்மாடியையோ ஒழுங்கையையோ ஒரு சுற்றுச் சுற்றி, தண்ணீர் தேங்கியிருக்கும் இடங்களை ஒரு வரைபடத்தில் குறித்து வாருங்கள். கூரைப் பீலி, பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப்பெட்டிக்குப் பின்னாலிருக்கும் தட்டு, பாதி கட்டி விட்டிருக்கும் கட்டடத்தின் நிலக்கீழ் அறை, எல்லாவற்றையும். ஒரு கிழமை கழித்து அதே இடங்களைத் திரும்பப் பார்த்து என்ன மாறியிருக்கிறது என்று எழுதுங்கள். அந்தக் குறிப்போடு வகுப்புக்கு வந்த பிறகு, ஃபோன் இல்லாமல், இருபது நிமிடத்தில் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுத வேண்டும்: தண்ணீரைக் கிழமைக்கு ஒருமுறையாவது ஊற்றிவிடச் சொல்கிறார்களே, ஏன் மாதத்துக்கு ஒருமுறை போதாது? முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாவதற்கு ஒரு கிழமையிலிருந்து பத்து நாளளவுதான் எடுக்கும் என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்த பிள்ளைகள் பலர் இருப்பார்கள், அதைத் தன் வீட்டுப் பூச்சாடித் தட்டோடு சேர்த்து யோசிக்கிற பிள்ளை எது என்று அந்த இருபது நிமிடத்தில் தெரிந்துவிடும்.

"நாற்பது பேரோடும் தனித்தனியாகப் பேச எனக்கு எங்கே நேரம்" என்று கேட்பீர்கள். ஒரே நாளில் பேச வேண்டாம். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு பாடவேளைக்கு ஐந்து பேரைக் கூப்பிட்டு, ஆளுக்கு இரண்டு நிமிடம், "இதை ஏன் இப்படி எழுதினாய்?" என்று மட்டும் கேளுங்கள். எட்டுப் பாடவேளையில் வகுப்பு முடிந்துவிடும். பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்குப் புள்ளி போடவும் அதுவே போதும். ஃபோனில் கேட்டதைப் பிள்ளை மறைக்காமல் சொல்லவும் இடம் கொடுங்கள். என்ன கேட்டது, என்ன பதில் வந்தது, அதில் எது தன் ஒழுங்கைக்குப் பொருந்தவில்லை என்று ஒரு பக்கம் எழுதினால் அதற்கும் புள்ளி உண்டு என்று முதலே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பாடசாலையின் பழைய மாணவர் சங்கம் 20 இலட்சம் ரூபா சேர்த்திருக்கிறது. எதிர்காலக் கல்விக்கென்று சொல்லி ஸ்மார்ட் போர்ட் வாங்கித் தர நிற்கிறார்கள். வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். வாங்கினால் உண்மையிலேயே பிரயோசனம் இருக்குமா?
அதிபர், கொழும்பு வடக்கு

பதில்: சேர், நல்ல மனசோடு வருகிற காசை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை, ஆனால் எதற்குச் செலவழிப்பது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள்.

பெரு நாடு பிள்ளைக்கொரு மடிகணினி என்று எட்டு இலட்சத்துக்கும் மேல் வாங்கிக் கொடுத்தது. 2012இல் அதை 319 பாடசாலைகளில் மதிப்பிட்டுப் பார்த்தபோது கணிதத்திலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறியதாக ஒன்றும் தெரியவில்லை. பெட்டி வந்தது, பாடம் பழையபடியே நடந்தது. சுவீடன் போல வசதியான நாடே 2023இல் அச்சுப் புத்தகத்துக்கும் கையெழுத்துக்கும் திரும்ப முக்கியத்துவம் கொடுக்கத் தொடங்கியது. இதை வைத்துத் தொழில்நுட்பமே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஒரு ஸ்மார்ட் போர்டை ஆசிரியர் வெறும் படம் காட்டத்தான் பயன்படுத்தப் போகிறார் என்றால் அதற்கு ஒரு சாதாரண புரொஜெக்டரும் வெள்ளைச் சுவரும் போதும், மிச்சக் காசை வேறெதற்கும் வைக்கலாம் என்றுதான் சொல்கிறேன். வாங்குவதென்றால் திருத்தச் செலவையும் இணையக் கட்டணத்தையும் இரண்டு மூன்று வருடத்துக்குச் சேர்த்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். திறப்பு விழாவுக்கு வருபவர்கள் பல்ப் எரிந்துபோன நாளில் வருவதில்லை.

என்னைக் கேட்டால் முதல் செலவு வாசிப்புக்கு. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது 1ஆம் தரத்தில் காலடி வைத்த பிள்ளைகள் இப்போது இடைநிலை வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்கள் எழுத்துக்கூட்டப் பழக வேண்டிய காலம் முழுக்கத் தொற்று, பிறகு 2022இல் எரிபொருள் இல்லாத நாட்கள், மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சையே தள்ளிப்போன நாட்கள். உங்கள் 6ஆம், 7ஆம் தரப் பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து, 3ஆம் தரத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பந்தியை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள் சேர். எத்தனை பேர் தடுமாறுகிறார்கள் என்பதை வலயத்துக்கு அனுப்பவோ சுவரில் ஒட்டவோ வேண்டாம், உங்கள் கையில் வைத்திருங்கள். இந்தியாவில் பிரதம் என்ற அமைப்பு வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் மட்டத்தைப் பார்த்துக் குழு பிரித்து, நாளுக்குக் கொஞ்ச நேரம் அந்த மட்டத்திலேயே படிப்பிக்கும் முறையை நடத்துகிறது. பலமுறை ஆய்வு செய்து பலன் இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். இதற்குத் தேவை கதைப் புத்தகங்கள், எழுத்து அட்டைகள், பயிற்றப்பட்ட இரண்டு மூன்று பேர். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குச் செயற்கை நுண்ணறிவும் ஒரு பூட்டிய கதவுதான்.

இரண்டாவது செலவு ஆசிரியர்களின் நேரத்துக்கு. இதற்குக் காசைவிட உங்கள் நேரசூசிதான் தேவை. ஜப்பானில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரே பாடத்தைப் படிப்பிக்கும் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரேயொரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் அதைப் படிப்பிக்க மற்றவர்கள் பின்னால் நின்று பார்ப்பார்கள். ஆசிரியரைப் பார்க்க மாட்டார்கள், பிள்ளைகளைப் பார்ப்பார்கள்: எந்த இடத்தில் பென்சில் நின்றது, எந்தக் கேள்விக்குப் பக்கத்துக் கொப்பியை எட்டிப் பார்த்தார்கள் என்று. பிறகு உட்கார்ந்து பேசித் திருத்துவார்கள். உங்கள் கணித ஆசிரியர்கள் எல்லோருக்கும் கிழமையில் ஒரு பாடவேளை ஒன்றாக ஓய்வாக இருக்கும்படி போட்டுக் கொடுங்கள். அந்த நேரத்தில் நிவாரண வகுப்புக்கு அனுப்ப மாட்டேன், பதிவேடு நிரப்பச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுங்கள். பழைய மாணவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருந்தால் அந்த வேளையில் வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். காசு கொடுத்ததைவிட அது அவர்களுக்கும் நிறைவாக இருக்கும்.

கேள்வி: மகள் 4ஆம் தரம். புலமைப்பரிசில் வகுப்புக்குக் கிழமையில் நான்கு நாள் போகிறாள். இப்போது கோடிங், ஏஐ வகுப்பிலும் சேர்க்காவிட்டால் பின்தங்கிவிடுவாள் என்று மற்ற அம்மாமார் சொல்கிறார்கள். சேர்க்கட்டா?
ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: சேர்க்க வேண்டாம் தங்கச்சி. அவள் கேட்டால், விருப்பப்பட்டால், லீவு நாளில் பார்க்கலாம். பயந்து சேர்க்க வேண்டாம்.

கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில், 1945இல் இலவசக் கல்வி வந்தபோது கெட்டிக்கார ஏழைப் பிள்ளை நல்ல மத்திய கல்லூரிக்குப் போக வழி வேண்டும் என்ற எண்ணத்தில் வளர்ந்தது இந்தப் புலமைப்பரிசில். இன்றைக்குக் காலி வீதியில் பின்னேரம் ஆறு மணிக்கு, முதுகில் பையோடு பாதித் தூக்கத்தில் ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்குப் போகிற ஒன்பது வயதுப் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. அந்த வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. நான்கு நாள் வகுப்பை இரண்டாக்கிப் பாருங்கள்.

மிஞ்சும் நேரத்தில் வீட்டில் ஒன்று செய்யலாம், காசு செலவில்லை. படித்ததைத் திரும்பத் திரும்ப வாசிக்க விடாமல் கொப்பியை மூடச் சொல்லி, "இதில் என்ன இருந்தது, எனக்குச் சொல்லித் தா" என்று கேளுங்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு கேட்டால் திரும்ப வாசித்தவர்கள் கூடுதலாகச் சொன்னார்கள். ஒரு கிழமைக்குப் பிறகு கேட்டபோது, நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பழகியவர்கள்தான் முன்னுக்கு நின்றார்கள். நீங்கள் சமைத்துக்கொண்டே கேட்கலாம். அப்புறம், 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது, நடந்து போகிற தூரம்தானே. சனிக்கிழமையில் கூட்டிக்கொண்டு போய் அவளாகவே ஒரு புத்தகத்தைத் தெரிவு செய்ய விடுங்கள். பரீட்சைக்கு உதவாத புத்தகமாக இருந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: 54 வயதாகிறது, 7 முதல் 10ஆம் தரம் வரை கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்கிறேன். பயிற்சி வகுப்புகளில் இளம் ஆசிரியர்கள் கடகடவென்று ஃபோனில் ஏதேதோ செய்கிறார்கள். எனக்குத் தலை சுற்றுகிறது. ஓய்வு பெறும்வரை இப்படியே ஒதுங்கியிருக்கலாமா என்று யோசிக்கிறேன்.
ஆசிரியை, தெகிவளை

பதில்: ஒதுங்க வேண்டாம் ரீச்சர், தயவு செய்து. உங்களுக்குத் தெரிந்த ஒன்று அந்தச் செயலிகளுக்குத் தெரியாது. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் 7ஆம் தரத்தில் எந்தப் பிள்ளை ஐந்தில் இரண்டு என்று எழுதும், ஏன் எழுதும், அதற்கு எந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்டால் தானாகவே பிழையைக் காணும் என்று உங்களுக்குத் தெரியும். "அரையோடு ஏதோ கூட்டினாயே, விடை அரையைவிடக் குறைந்திருக்கிறதே?" என்று நீங்கள் கேட்கும் அந்தக் கேள்விதான் படிப்பித்தல். பட்டன் அழுத்துவதை எந்தப் பிள்ளையும் உங்களுக்கு ஒரு பின்னேரத்தில் காட்டித் தரும்.

ஒரேயொரு வேலையோடு தொடங்குங்கள். பின்னக் கூட்டலில் பிள்ளைகள் வழக்கமாக விடும் பிழைகளோடு பத்துக் கணக்குகளைச் செய்து காட்டும்படி சட்ஜிபிடியிடமோ ஜெமினியிடமோ கேளுங்கள். வருவதில் ஐந்தை நீங்கள் தூக்கி எறிவீர்கள், ஐந்து நன்றாக இருக்கும். அதை அச்சடித்து அல்லது பலகையில் எழுதி, எங்கே பிழை என்று பிள்ளைகள் இருவர் இருவராகத் தேடட்டும். இளம் ஆசிரியர்கள் கருவியைக் கொண்டு வரட்டும், எந்தப் பிழை பிள்ளையின் பிழை என்று நீங்கள் சொல்லுங்கள்.

ஒன்றில் கவனமாக இருங்கள். இந்தச் செயலிகளிடம் தமிழில் கேட்டால் பல தடவை தமிழ்நாட்டுப் பாடப்புத்தகச் சொற்களில்தான் பதில் வரும். 10ஆம் தரத்தில் நேர்கோட்டு இயக்கம் படிப்பிக்கும்போது நாங்கள் கதி, வேகம், ஆர்முடுகல் என்கிறோம். அங்கே அவற்றுக்கு வேகம், திசைவேகம், முடுக்கம். எங்கள் புத்தகத்தில் வேகம் என்றால் திசையோடு சேர்ந்தது, அவர்களுடையதில் திசை இல்லாதது. ஃபோனைப் பார்த்துப் படித்த பிள்ளை சாதாரண தரப் பரீட்சையில் இரண்டையும் குழப்பினால் புள்ளி போய்விடும். ஒளித்தொகுப்புக்கு ஒளிச்சேர்க்கை என்று எழுதினால் ஆள் விளங்கிக்கொள்ளலாம், இங்கே கருத்தே மாறிவிடுகிறது. ஆகவே கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடப்புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டுதான் இந்த வேலை. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ இணையத்தளத்திலும் தமிழ்மொழிமூலப் பாடங்கள் இருக்கின்றன, சொல் சந்தேகத்துக்கு அதையும் பார்க்கலாம்.

பிள்ளைகளின் பெயர், புள்ளி, படம், வீட்டுப் பிரச்சினை இவற்றை ஒருபோதும் அதற்குள் போட வேண்டாம். 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று எங்களிடம் ஒன்று இருக்கிறது, அது இல்லாவிட்டாலும் செய்யக் கூடாதது. யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டல், வகுப்பறையில் பிள்ளைகள் இவற்றைத் தாங்களே பயன்படுத்துவதற்குக் குறைந்தது 13 வயதாவது ஆக வேண்டும் என்கிறது. உங்கள் 7ஆம் தரத்துக்கு நீங்கள் பயன்படுத்தினால் போதும், அவர்கள் தொட வேண்டாம்.

கேள்வி: ஒவ்வொரு தடவையும் ஒரு சீர்திருத்தம் வருகிறது, பயிற்சிக்குக் கூப்பிடுகிறார்கள், புதிய படிவம் தருகிறார்கள், கொஞ்ச நாளில் பழையபடி ஆகிவிடுகிறது. இப்போது பாடத்தைச் சிறு சிறு அலகாகப் பிரித்து மொடியூல் என்கிறார்கள். இதை நம்பி உழைக்கலாமா?
ஆசிரியர், தெமட்டகொடை

பதில்: உங்கள் சலிப்பில் நியாயம் இருக்கிறது சேர். 1972இல் சாதாரண தரத்தையே எடுத்துவிட்டு வேறொரு சான்றிதழ்ப் பரீட்சையும், ஊர்த் தொழில்களைப் படிக்கும் பாடங்களும் கொண்டு வந்தார்கள். 1977இல் ஆட்சி மாறியது, அதுவும் போனது. 2007இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டமும் ஐந்து படிமுறைச் செயற்பாடும் வந்தன. ஆசிரியர் வழிகாட்டியில் ஆராய்தல், விளக்குதல் எல்லாம் அழகாக இருந்தன. வகுப்பில் நாற்பது பேர், பாடத்திட்டம் முடிக்கத் தவணை போதாது, கடைசியில் பிள்ளை எழுதப்போவது பழைய மாதிரி வினாத்தாள். அப்போது எந்த ஆசிரியரும் கடந்தகால வினாத்தாளைத்தான் கையில் எடுப்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

2026இல் 1ஆம், 6ஆம் தரங்களிலிருந்து என்று அறிவிக்கப்பட்ட இந்தச் சீர்திருத்தத்துக்கும் இதே உரைகல்தான். வினாத்தாள் மாறுகிறதா என்று பாருங்கள். மாறாவிட்டால் மொடியூலும் போட்டோகொப்பிக் கடைக்குத்தான் போகும். ஆனால் மேலிருந்து வருவது வரட்டும் என்று நிற்காமல் உங்கள் கையில் இருப்பதைச் செய்யலாம். தவணைப் பரீட்சை வினாத்தாளில் உங்கள் பாடசாலை தயாரிக்கும் பகுதி எவ்வளவு சிறிதானாலும், அதில் ஒரு கேள்வியை, ஒன்றே ஒன்றை, மனப்பாடத்தில் எழுத முடியாத கேள்வியாக வையுங்கள். வரலாற்றில் ஒரு படத்தையோ பழைய விளம்பரத்தையோ கொடுத்து, இதிலிருந்து அந்தக் காலத்தைப் பற்றி என்ன சொல்லலாம், என்ன சொல்ல முடியாது என்று கேட்கலாம். அந்தக் கேள்வி வருமென்று தெரிந்தால் பிள்ளைகள் அதற்குப் பழகுவார்கள், உங்களுக்கும் வகுப்பில் அதைப் பழக்க ஒரு சாட்டு இருக்கும். ஆசிரிய ஆலோசகர் வந்தால் அந்த விடைத்தாள்களில் நான்கை எடுத்துக் காட்டுங்கள். பதிவேட்டைவிட அவை பேசும்.

கேள்வி: உயர்தரத்தில் கலைப்பிரிவு படிக்கிறேன். ஏஐ வந்தால் எங்களுக்கு வேலையே இருக்காது என்கிறார்கள், தொழில்நுட்பப் பிரிவுக்கு மாறவா?
மாணவன், மட்டக்குளி

பதில்: பயத்தில் மாறாதே தம்பி. தொழில்நுட்பம் பிடித்திருந்தால் மாறலாம், அது வேறு கதை. எந்தப் பிரிவில் இருந்தாலும் மூன்று மொழியிலும் ஒரு விஷயத்தைத் தெளிவாக எழுதவும் பேசவும் தெரிந்தவனுக்குக் கொழும்பில் எப்போதும் தேவை இருக்கிறது. உன்னால் சிங்களத்தில் ஒரு கடிதம் எழுத முடியுமா? முடியாதென்றால் அங்கிருந்து தொடங்கு. மெஷின் மொழிபெயர்த்துத் தருவது சரியா என்று பார்க்கவும் உனக்கு மொழி தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: பின்னேரத்தில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன், 10, 11 வயதுப் பிள்ளைகள் பதினைந்து பேர். கணினி இல்லை, ஒரு வீட்டுக்கு ஒரு ஃபோன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இந்தப் பிள்ளைகளை எதிர்காலத்துக்கு எப்படித் தயார்படுத்துவது?
தொண்டர் ஆசிரியை, கிராண்ட்பாஸ்

பதில்: உங்கள் கடிதத்தைத்தான் நான் கூடுதல் நேரம் வைத்திருந்து படித்தேன் தங்கச்சி. ஃபோன் இல்லை என்பதற்காக இந்தப் பிள்ளைகள் கணினிக் கல்வியில் பின்தங்க வேண்டியதில்லை. நியூசிலாந்தில் கன்டர்பரி பல்கலைக்கழகத்திலிருந்து, கணினியே இல்லாமல் கணினி விஞ்ஞானம் படிப்பிக்கும் செயற்பாடுகள் வந்திருக்கின்றன. உலகமெல்லாம் பயன்படுத்துகிறார்கள். அதில் ஒன்றை எங்கள் எழுத்துக்கு ஏற்றபடி சொல்கிறேன், சீரியல் பெட்டி மட்டையும் ஒரு மார்க்கரும் போதும்.

ஐந்து அட்டை வெட்டுங்கள். ஒரு பக்கம் வெறுமை. மறுபக்கத்தில் முறையே 16, 8, 4, 2, 1 புள்ளிகள். ஐந்து பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஆளுக்கொன்றைக் கொடுங்கள், 16 இடப்பக்கம். புள்ளி தெரிந்தால் 1, திருப்பிப் பிடித்தால் 0. "11 காட்டுங்கள்" என்றால் 8, 2, 1 தெரிய வேண்டும், அதாவது 01011. முதலில் குழம்புவார்கள், கத்துவார்கள், ஒருவரை ஒருவர் திருத்துவார்கள். விட்டுவிடுங்கள். எல்லாம் தெரிந்தால் 31, அதற்கு மேல் போக முடியாது என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

இப்போது எழுத்துக்கு வாருங்கள். உயிர் 12, ஆய்தம் 1, மெய் 18, கூட்டினால் சரியாக 31. ஐந்து அட்டைக்குள் முழுதும் அடங்கிவிடும். அ 1, ஆ 2 என்று தொடங்கி ஔ 12, ஃ 13, க் 14, அப்படியே போய் ன் 31. உயிர்மெய்யை மெய்யும் உயிருமாகப் பிரித்து அனுப்ப வேண்டும். அம்மா என்றால் அ, ம், ம், ஆ, அதாவது 1, 23, 23, 2. ஒரு குழு முற்றத்தின் அந்தப் பக்கம் நின்று அட்டையைக் காட்ட, இந்தப் பக்கம் நிற்பவர்கள் எழுதிக்கொள்ளட்டும், ஒரு சத்தமும் இல்லாமல். எழுத்து எப்படி எண்ணாகிறது என்பது இதில் வந்துவிடுகிறது. புணர்ச்சிக்குத் தேவையான மெய், உயிர் பிரிப்பும் பழகிவிடும், தவணைப் பரீட்சைக்கும் நட்டமில்லை.

பதினைந்து பேரில் யாராவது ஒருவருடைய பெயரில் ஜ, ஸ, ஹ என்று ஓர் எழுத்து நிச்சயம் இருக்கும். தன் பெயரை அனுப்ப முடியவில்லை என்று அந்தப் பிள்ளை வந்து நிற்கும். ஆறாவதாக ஓர் அட்டையில் 32 புள்ளி போட்டால் 63 வரை போகலாம், ஆனால் அந்த அட்டையை நீங்களாக எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். என்ன செய்யலாம் என்று அவர்களிடமே கேளுங்கள். ஒரு எழுத்தை எடுத்துவிடலாம் என்று ஒருவர் சொல்வார், ஒரே எண்ணை இரண்டு எழுத்துக்கு வைக்கலாம் என்று இன்னொருவர் சொல்வார், செய்து பார்க்கச் சொல்லுங்கள், வாசிக்கிற குழு எங்கே தடுமாறுகிறது என்று அவர்களே பார்ப்பார்கள். அன்றைய பின்னேரம் முழுக்க அதிலேயே போனாலும் போகட்டும். மட்டையும் மார்க்கரும் எத்தனை வேண்டும் என்று எழுதுங்கள், வாங்கித் தர இங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.